டெக்லன் தாண்டிய இரண்டரை அடி

செந்தில் என் மேசை அருகே வந்து நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. "அண்ணா, நோரா போன் பண்ணாங்க. காலைல ஆறு மணிக்காம். தூக்கத்துலயே போய்ட்டாராம்ணா," என்றான். நான் "சரி" என்றேன். பிறகு எதற்கென்றே தெரியாமல், ஸ்கிரீனில் திறந்திருந்த டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை படித்துவிட்டு மூடினேன். போன் செய்தது டெக்லனின் மனைவி. டெக்லனுக்கு முப்பத்தைந்து வயது. கணையத்தில் புற்றுநோய் என்று குளிர்காலத்தில் சொன்னார்கள். டெக்ஸஸ் வெயில் ஏறுவதற்குள் ஆளே இல்லை.

ரவுண்ட் ராக் ஊரில் எங்கள் அலுவலகத்துத் தமிழர்களில் டெக்லனைத் தெரியாதவர்கள் குறைவு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொங்கல் பாட்லக்குக்குத் தன் கையால் சுட்ட ரொட்டியோடு வந்து, அதை சாம்பாரில் தோய்த்துத் தின்ற அயர்லாந்துக்காரர். நண்பர்களே, உங்கள் குழந்தைகள் அவரை "டெக்லன் அங்கிள்" என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் ஓட்டக்காரர் என்பதும் உங்களுக்குத் தெரியும். எப்படிப்பட்ட ஓட்டக்காரர் என்பது தெரிந்திருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, இதுவரை என் மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம். மண்டையைப் பிளக்கும் மதிய வெயிலில், பார்க்கிங் லாட்டுக்குப் பின்னால் ஒரு நெட்டை மனிதர் பெஞ்சின் மேல் ஒரு காலை வைத்து எழும்பி, எதிரே இருந்த பூச்செடிகளைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து மறுபடியும் குதித்தார். நான் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். பதினெட்டாவது முறை பொறுக்க முடியாமல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் மூச்சு வாங்கியபடியே விளக்கினார். ஸ்டீபிள்சேஸ் என்று ஒரு பந்தயம். மூவாயிரம் மீட்டர், ஏழரைச் சுற்று. வழியில் மூன்றடி உயரத்துக்குத் தடுப்புகள். இடித்தால் தடுப்பு விழாது, இடித்தவன்தான் விழுவான். சுற்றுக்கு ஐந்து தடுப்பு, அதில் ஒன்றைத் தாண்டியதும் தண்ணீர்க்குழி. அதில் காலை நனைத்துக்கொண்டுதான் மேலே ஓட வேண்டும்.

"இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டேன்.

"குதிரைகளுக்காக யோசித்த பந்தயம். குதிரைகளைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருக்கும்," என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தப் பதிலால்தான். அதன் பிறகு மதியம்தோறும் ஒரு கேள்வியோடு போய் நிற்பேன். ஈரமான ஷூ எவ்வளவு கனக்கும்? எந்தக் கால் முதலில்? அவரும் சலிக்காமல் சொல்வார். அவரைவிட வேகமானவர்கள் அயர்லாந்திலேயே நிறைய இருந்தார்களாம். தடுப்பைக் கண்டதும் அவர்கள் காலடி எட்டைக் குறைப்பார்கள், இவர் குறைக்கமாட்டார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே ஸ்காலர்ஷிப்பில் டெக்ஸஸ் கல்லூரிக்கு வந்தார். இரண்டு முறை நாட்டின் சட்டையைப் போட்டு ஓடினார். அதில் ஒரு முறை, ஐரோப்பாவில், மூன்றாவது சுற்றில் தண்ணீர்க்குழியில் தலைகுப்புற விழுந்து முழுசாக முங்கி எழுந்து, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். "அந்தக் குழியின் தரை நீல நிறம். ஓடியவர்களில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்," என்று பெருமையாகச் சொல்வார். முப்பது வயதில் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். இவர் ஒலிம்பிக்ஸுக்கு ஒரு முறையாவது போயாக வேண்டும் என்று முப்பத்து நாலிலும் பூச்செடிகளைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

சிட்னி ஒலிம்பிக்ஸ் நடந்த வருடம் அது. தகுதி நேரத்துக்குள் ஓடிக் காட்ட, ஹூஸ்டன் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் பந்தயம் இருந்தது. ஆள் போதவில்லை என்று டெக்லன் சொன்னதும் செந்திலும் நானும் வாலண்டியர்களாகப் போனோம். மூவரும் என் காரில்தான் போனோம்.

அன்று பெண்களுக்கும் ஸ்டீபிள்சேஸ் வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தடுப்பு இரண்டரை அடி. அவர்கள் ஓடி முடித்ததும் எல்லாத் தடுப்புகளையும் அரை அடி உயர்த்தி, இறங்காமலிருக்க இரண்டு பக்கமும் இரும்புப் பின் சொருக வேண்டும். ஒவ்வொன்றும் ஆளைவிடக் கனம். செந்தில் மாதிரி திடகாத்திரமானவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து தூக்கினார்கள். என் உடம்பைப் பார்த்த நடுவர், என் கையில் மூன்றடிக் கோல் ஒன்றைக் கொடுத்து உயரத்தைச் சரிபார்க்கச் சொன்னார். பிழை கண்டுபிடிப்பதுதானே ஆபீஸிலும் என் பிழைப்பு, கெத்தாகவே கிளம்பினேன். முதல் மூன்று தடுப்புகளையும், தண்ணீர்க்குழியின் தடுப்பையும் அளந்தேன். கடைசித் தடுப்பு குழிக்கு அப்பால் இருந்தது. ஆனால் எத்தனையோ மதியங்கள் கேள்விப்பட்ட குழி கண்ணெதிரே இருக்கும்போது எப்படித் தாண்டிப் போவது? மண்டியிட்டு, கோலைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தேன். தரை நீலமா என்று எட்டிப் பார்த்தேன். அப்போது நடுவர் தூரத்திலிருந்து "எல்லாம் சரியா?" என்று கத்தினார். நான் கையைத் தூக்கி ஓகே காட்டிவிட்டேன்.

அந்தக் கடைசித் தடுப்பை மற்றக் குழு உயர்த்தியிருக்கும் என்று ஒரு குழு விட்டிருந்தது. மற்றக் குழுவும் அப்படியே.

டெக்லன் அன்று ஓடியதைப் போல் நான் எதையும் பார்த்ததில்லை. ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் தகுதி நேரத்துக்குள் வந்தார். செந்தில் என்னைத் தூக்கிச் சுற்றினான். ஆனால் டெக்லன் உட்காரவில்லை, சிரிக்கவுமில்லை. ஈர ஷூவோடு நேராக அந்தத் தடுப்பிடம் நடந்து போய், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நடுவரைக் கூப்பிட்டார். அளந்தார்கள். இரண்டரை அடி. எல்லோருடைய நேரமும் செல்லாது என்றார்கள். இரண்டாவதாக வந்தவருக்கு அது வாழ்நாளின் சிறந்த ஓட்டம். "வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே!" என்று அவர் டெக்லனின் முகத்துக்கு நேரே கத்தினார்.

நடுவர் என்னைப் பார்த்தார். "பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இரும்புப் பின் நழுவியிருக்கும்," என்றேன்.

"இரண்டு பக்கமுமா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். டெக்லன் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

திரும்பி வரும்போது மூன்று மணி நேர டிரைவ். செந்தில் பின்சீட்டில் தூங்கிவிட்டான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு கேள்விதான் வந்தது. "எப்போது தெரிந்தது?"

"முதல் தடவை தாண்டியதுமே."

"அப்போதே ஏன் நிற்கவில்லை?"

"என் காலில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது," என்றார்.

மறு ஞாயிறு அவரே போன் செய்தார். அந்த அரை அடி தனக்கு எவ்வளவு நேரம் மிச்சப்படுத்தியிருக்கும் என்று தெரிந்தாக வேண்டுமாம். மரக்கட்டையில் இரண்டு உயரத்தில் தடுப்பு செய்து, பள்ளி மைதானத்தில் மாற்றி மாற்றித் தாண்டினார். நான் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன். ஒரு நாள் குட்டைத் தடுப்பு வேகம், மறுவாரம் அதுவே தாமதம், காலடி எட்டு பிசகிவிடுகிறது. "அப்படியானால் அது என் சொந்த ஓட்டமாகவே இருந்திருக்கலாம்!" என்று துள்ளினார். அந்த ஞாயிறுகளில் ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்து, ஒவ்வொரு முறையும் மென்று முழுங்கினேன். அதன்பின் இரண்டு பந்தயங்கள் ஓடினார். ஒன்றில் இரண்டு நொடி, மற்றதில் நான்கு நொடி தவறியது. சிட்னியை எங்கள் அபார்ட்மெண்ட் சோபாவில் உட்கார்ந்துதான் பார்த்தார்.

அடக்கம் முடிந்து சர்ச் வாசலில் அவர் மனைவி நோராவிடம் ஒருவழியாகச் சொன்னேன். அந்தத் தடுப்பை நான் பார்க்கவே இல்லை, பின் நழுவியது என்றது பொய் என்றேன்.

"பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு தடுப்பையும் போய்த் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று ஒருநாள்தான் போகவில்லை. நீங்கள் பார்க்கிறீர்கள் என்று விட்டுவிட்டாராம். 'தொட்டிருந்தால் பின் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்திருக்கும், தப்பு என்னுடையது' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்," என்றார் நோரா. பிறகு மெதுவாக, "அவரிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்," என்றார்.

ஆமாம், சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு பின்னும் ஒரே நேரத்தில் நழுவாது என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தே, என்னைக் காப்பாற்றத் தன் மனைவியிடம்கூட மாற்றிச் சொன்னாரா, இல்லை என் பொய்யை நிஜமாகவே நம்பினாரா? அவரிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. இதை மட்டும் கேட்கவில்லை, இனிக் கேட்கவும் வழியில்லை. எப்படியானாலும் ஒரு வருடம் அவர் தன் பெயரில் சுமந்த பிழை என்னுடையது. நண்பர்களே, அவருடைய பொருட்களில் எனக்கென்று நோரா எதையும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பிழையை மட்டும், உங்கள் எல்லோர் முன்னிலையிலும், அவரிடமிருந்து நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.