சரி போட்ட கொப்பி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் அதிபர் முதல் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தை அக்காவிடம் மட்டும் நான் ஒருநாளும் காட்டியதில்லை. அம்மா ஆபரேஷனுக்கென்று போய் உயிரோடு திரும்பாத வருடம் எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினாறு. என்னைப் படிக்க வைப்பதற்காக அவள் அம்மாவின் கூடையைத் தூக்கித் தலையில் மாட்டிக்கொண்டாள். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வயதாகும்வரை கொழுந்து பறித்துவிட்டு, போன வருடம்தான் பதுளையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நானும் கலியாணம் கட்டவில்லை, அவளும் கட்டவில்லை. நான் பஸ் ஏறிப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுப்பேன், அவள் சமைப்பாள்.

தொப்புளுக்கு மேலே எலுமிச்சங்காய் அளவில் ஒரு வீக்கம் எனக்கு இருந்தது. இருமினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போகும். கிளினிக்கில் டொக்டர் பார்த்துவிட்டு, குடலிறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் இந்த உடம்போடு செய்தால் தையல் நிற்காது என்றார். எண்பத்து நான்கு கிலோ இருந்தேன். மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைத்துக்கொண்டு வந்தால் திகதி தருவதாகச் சொன்னார். அதுவரை வீக்கம் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிக்கினால் குடல் அழுகிவிடும் என்றும் சொன்னார்.

அவர் சிங்களத்தில் பேசியதை, கூட வந்த அக்காவுக்காக, அங்கே தாதியாக இருந்த மிஸ்ஸி தமிழில் சொன்னாள். "ஒடம்பு கொறைஞ்சாத்தான் வெட்டுவாங்கம்மா. கொறையலன்னா வெட்ட மாட்டாங்க." அக்கா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை எத்தனை தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

மிஸ்ஸி ஒரு பட்டியலும் தந்தாள். ஒரு கப் சோற்றுக்கு இத்தனை கலோரி, ஒரு கரண்டி பருப்புக்கு இத்தனை, தேங்காய்ப்பால் கூடாது, எண்ணெய் கூடாது, வாயில் போடுவது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வர வேண்டும். எழுதுவதும் திருத்துவதும்தானே என் பிழைப்பு. அன்றைக்கே நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். சோறு அளக்க ஒரு பிளாஸ்டிக் கப் வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். "இதுல ஒண்ணு மதியத்துக்கு, ஒண்ணு ராவைக்கு. கஞ்சிக்கு வெறும் தண்ணி. சரியா அக்கா?" என்றேன்.

"நீ போயி ஒன் வேலையப் பாரு. அளக்கிறத எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று சிரித்தாள்.

கொப்பியில் நான் ஒரு முறை வைத்திருந்தேன். வெளியில் சாப்பிட்டதற்கு எதிரே கேள்விக்குறி, ஏனென்றால் அதில் என்ன கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும். அக்கா சமைத்ததற்கு எதிரே, பிள்ளைகளின் கொப்பியில் போடுவதுபோல் சிவப்பில் பெரிய சரி. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, நான் சரி போடும்போது பார்த்துக்கொண்டிருப்பாள். "இது நான் ஆக்கினது, இது கடைச் சாமான்" என்று குறியை வைத்தே சொல்லிவிடுவாள்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கிடந்தேன். ஆசிரியர் அறையில் வடைத் தட்டு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். கோயிலில் கொடுத்த பொங்கலைக் கண்ணில் ஒற்றிப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளினேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை பிறந்தநாளென்று கேக் துண்டைக் கடதாசியில் பொதிந்து கொண்டுவந்து நீட்டியது. "டீச்சருக்கு வேணாம், நீ சாப்பிடு" என்றேன். அந்த முகம் சுருங்கியதைப் பார்த்தும் வாங்கவில்லை. ஆனால் வீட்டுச் சாப்பாடு மட்டும் எப்படியோ ருசியாகவே இருந்தது. பசிக்கு எதுவும் ருசிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "எங்க அக்கா வெறும் தண்ணியில வைக்கிற கஞ்சி இருக்கே, நீங்க எல்லாம் குடிச்சுப் பாக்கணும்" என்று ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டேன். என்னைப் போல ஒரு ஏமாந்த சோணகிரி பதுளை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

முதல் மாதம் அரைக் கிலோ குறைந்தது. இரண்டாம் மாதம் அந்த அரைக் கிலோவும் திரும்பி வந்தது. மூன்றாம் மாதம் தராசு எண்பத்தைந்தரை காட்டியது. நான் செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, மறுபடி ஏறினேன். எண்பத்தைந்தரைதான்.

மிஸ்ஸி கொப்பியைப் புரட்டினாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கேள்விக்குறிகளைத் தேடிப் பிடித்துச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டாள். பிறகு, வரிசையில் இருந்த இருபது பேருக்கும் கேட்கிற மாதிரி, "டீச்சர், எழுதுறது ஒண்ணு, சாப்பிடுறது ஒண்ணு. அப்படித்தானே?" என்றாள். டொக்டர் திகதி தரவில்லை. இன்னும் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளிடம் பொய் எழுதாதே என்று சொல்லி வருகிறவள் நான். என் கையெழுத்தைக் காட்டி என்னையே பொய்க்காரி என்றார்கள். கொப்பியை வாங்கிக்கொண்டு திரும்பினேன். சுவரோரம் போட்டிருந்த வாங்கில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளும் தலையைக் குனிந்திருந்தாள். எனக்காக வெட்கப்படுகிறாளாக்கும் என்று நினைத்து, பஸ்ஸில் நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். "என் ஒடம்பு வாகு அப்படி அக்கா, விடு" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரம் அடைமழை. பாதையில் மண் சரிந்துவிட்டதென்று பாதி வழியிலேயே பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். மழைச் சத்தத்தில் நான் பின்பக்கமாக வந்தது அக்காவுக்குக் கேட்கவில்லை.

குசினியில் துருவிய தேங்காய் ஒரு சட்டி நிறைய இருந்தது. முதல் பாலைப் பிழிந்து அப்படியே கஞ்சிப் பானையில் ஊற்றினாள். பருப்புக்குள் ஒரு குழிக்கரண்டி எண்ணெய் விட்டுக் கிண்டினாள். பிறகு என் பிளாஸ்டிக் கப்பை எடுத்தாள். சோற்றை அள்ளிப் போட்டு, உள்ளங்கையால் ஊன்றி அழுத்தினாள். மறுபடி போட்டாள், மறுபடி அழுத்தினாள். மூன்று தடவை. சாக்குக்குள் கொழுந்தை அடைக்கிறவர்கள் அப்படித்தான் அழுத்துவார்கள். அந்தக் கப்பை எனக்கென்று மூடி வைக்கும் சாப்பாட்டுப் பெட்டியில் கவிழ்த்தபோது சோறு செங்கல் மாதிரி விழுந்தது. எனக்கு இரவுச் சாப்பாடு.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக் கணக்கில் கழித்துவிடுவார்கள். அதற்கு ஈடுகட்ட, கணக்கப்பிள்ளை பார்க்காத நேரத்தில் பெண்கள் கூடைக்குள் தண்ணீர் தெளிப்பார்கள். மேலே உலர்ந்த கொழுந்து, அடியில் ஈரம். அதில் அக்கா கெட்டிக்காரி, ஒருநாளும் பிடிபட்டதில்லை என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவள் ஏமாற்றிய கடைசிக் கூடை நான்தான்.

"என்ன அக்கா செய்யிற?" என்றேன்.

திடுக்கிட்டாள். ஆனால் கையில் இருந்த கப்பைக் கீழே வைக்கவில்லை.

"எத்தன நாளா?"

"மொத நாள்லருந்து" என்றாள்.

எனக்குள் இருந்ததெல்லாம் அப்போதுதான் வெடித்தது. கூட இருந்தே குழி பறித்துவிட்டாயே என்றேன். அத்தனை பேர் முன்னால் என்னைக் கள்ளி என்று சொன்னார்களே, கேட்டுக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாய், சோறு தின்கிற வாய்தானே உனக்கும், ஒரு வார்த்தை சொன்னாயா என்று கேட்டேன். அக்காவிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அவள் முழுக்கக் கேட்டாள்.

"கொறைஞ்சா வெட்டுவோம்னாங்க. கொறையலன்னா வெட்ட மாட்டோம்னாங்க. நான் என்ன செய்ய?" என்றாள். "அம்மா வேணாம் வேணாம்னுச்சு. நாந்தான் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிப் படுக்க வச்சேன். பொட்டியிலதான் வந்துச்சு. ஒன்னையும் நானே கூட்டிக்கிட்டுப் போவனா?"

"வீக்கம் சிக்குனா நான் செத்துருவேன். அதையும்தான் அவுங்க சொன்னாங்க."

"அத அந்த மிஸ்ஸி எனக்குச் சொல்லலியே" என்றாள்.

உண்மைதான். மிஸ்ஸி அதைத் தமிழில் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நானும் சொல்லவில்லை, பயப்படுவாள் என்று மறைத்தேன். இது தெரிந்தபிறகும் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. பயம் என்றால் என்னிடம் அழுதிருக்கலாம், சண்டை பிடித்திருக்கலாம். மூன்று மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சரி போடுவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

அதன்பிறகு நானே சமைத்தேன். விடிய நாலு மணிக்கு எழுந்து, உப்புச் சப்பில்லாத கஞ்சியை வைத்துக் குடித்துவிட்டுப் போனேன். மூன்று மாதத்தில் எட்டரைக் கிலோ இறங்கியது. மிஸ்ஸி, "இப்பத்தான் டீச்சர் உண்மைய எழுதுறீங்க" என்று முதுகில் தட்டினாள். அவளிடம் விளக்கம் சொல்ல எனக்கு மனமில்லை. வருகிற மாதம் ஆபரேஷனுக்குத் திகதி போட்டுத் துண்டு தந்தார்கள்.

அன்று நான் களைத்துப்போய் வந்தேன். அக்கா எனக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தாள். ஒரு கப் சோறு, அவித்த கீரை, பால் விடாத பருப்பு. ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பட்டியலில் உள்ளபடி அவளாகச் செய்திருந்தாள்.

"அழுத்தல. பாத்துக்க" என்றாள்.

விரலால் கிளறிப் பார்த்தேன். சோறு உதிரியாகத்தான் இருந்தது. பருப்பை நக்கிப் பார்த்தேன், எண்ணெய் இல்லை. அவள் எதிரிலேயே இதையெல்லாம் செய்தேன். பிறகு சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டுக் கொப்பியை எடுத்து, சோறு ஒரு கப், கீரை, பருப்பு ஒரு கரண்டி என்று எழுதினேன்.

அக்கா வழக்கம்போல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தேன். சரி போட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கை போட்டது கேள்விக்குறி.

அவள் குனிந்து அதைப் பார்த்தாள். "கடைச் சாமான்" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.