இரண்டாவது அம்மா

ஒருவர் விட்டுப்போன இடத்தில் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டால், பிறகு அது யாருடைய இடம்? அப்படி உட்கார்ந்திருக்கும் நடிகையிடம் கேட்டால் பதில் வராது. காலை ஏழு மணிக்கு அன்றைய வசனத்தாளை மூன்றாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தலையில் வெள்ளைப் பவுடர் போட வாகாகக் கழுத்தை நீட்டியிருப்பார். "என் வயசுல எல்லாரும் நரையை மறைக்கப் படாதபாடு படுறாங்க. நான் நரைச்சாத்தான் வேலை" என்பார்.

ஊரே பார்க்கும் தொடரில் அவர் அம்மா. தொடங்கியபோது அம்மாவாக இருந்தவர் வேறொருவர். ஒரு திங்கட்கிழமை 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து ஓடியது. அதுவரை பக்கத்து வீட்டுக்காரியாக எப்போதாவது தலைகாட்டிக்கொண்டிருந்தவர் அம்மாவானார். அன்றிலிருந்து பக்கத்து வீடு பூட்டியே கிடக்கிறது.

முதல் அம்மா நடித்த பகுதிகளைப் பதினைந்து நாள் போட்டுப் பார்த்து, கைகளை மட்டும் படித்தார். இடக்கையால் மூக்குக்கண்ணாடியை ஏற்றுவது. பதில் சொல்லுமுன் மேசையை ஒருமுறை தடவுவது. "மூஞ்சி மாறினா ஒரு வாரம் திட்டுவாங்க. கை மாறினா மன்னிக்கவே மாட்டாங்க." அவரைப் பெரிய நடிகை என்று சொல்லிவிட முடியாது. நல்ல மாணவி என்று சொல்லலாம்.

முதல் அம்மா சாப்பாட்டுத் தட்டை வீசியதால் நீக்கப்பட்டார் என்பது படப்பிடிப்புத்தளத்தின் கதை. முதல் வருடம் சொன்னபோது தட்டு தரையில் விழுந்தது. அடுத்த வருடம் சுவரில் பட்டது. இப்போது இயக்குநரின் நெற்றியில் மூன்று தையல். அந்த நெற்றி இன்றும் மொழுமொழுவென்றுதான் இருக்கிறது. கதை சொல்கிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. அவர்களில் ஒருவரும் அன்று அங்கே இல்லை. இவர் இருந்தார். கதை ஆரம்பித்ததும் வசனத்தாளைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிவிடுவார். முதல் அம்மாவை அதன்பின் எந்தத் தொடரும் கூப்பிடவில்லை.

சென்ற மாதம் கதையில் அம்மாவுக்கு ஓர் அக்கா தேவைப்பட்டார். இயக்குநர் மூன்று புகைப்படங்களை ஒப்பனை மேசையில் பரப்பினார்.

"இதுல யாரும்மா உங்களுக்குத் தோது?"

"பழைய அம்மாவைக் கூப்பிடுங்க."

ஒப்பனைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. "என்னம்மா, வம்புக்கு வண்டி அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றீங்க?"

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னா ஜனங்க யாரைப் பார்ப்பாங்க? அவங்கதான் நிஜ அம்மான்னு ஒருதரம் தோணிட்டா, சேனல்ல திரும்ப மாத்தச் சொல்லுவாங்க. என்னால தடுக்க முடியாது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவங்க வந்தா நான் இருக்கேன். இல்லேன்னா பக்கத்து வீட்டைத் திறந்து வைங்க, நான் அங்கயே போயிடறேன்."

ஒன்பது நாள் கெஞ்சலும் மிரட்டலும் நடந்தன. அக்காவைத் தொலைபேசியில் குரலாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லிப்பார்த்தார்கள். இவர் மற்ற எல்லாக் காட்சிகளிலும் ஒழுங்காக நடித்தார். அக்கா வரும் காட்சியின் தாளை மட்டும் மடிக்காமலே திருப்பிக்கொடுத்தார். பத்தாம் நாள் இயக்குநர் இறங்கிவந்தார்.

முதல் அம்மா அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். இளைத்திருந்தார். மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து, டப்பாவிலேயே சாப்பிட்டார். தட்டு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. காட்சியில் கதவு திறந்தது. அவர் உள்ளே வந்து, இடக்கையால் கண்ணாடியை ஏற்றினார். விளக்குப் பிடிப்பவர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். இயக்குநரின் கண் திரையில் அந்த முகத்தைவிட்டு நகரவில்லை. பக்கத்தில் நின்ற இவர் அதையும் பார்த்துக்கொண்டார்.

தொடரின் தொடக்கத்தில் ஓடும் பெயர் வரிசைக்காக இந்தத் தொழிலில் பல வருடச் சிநேகங்கள் முறிந்திருக்கின்றன. மாலையில் இவர் படத்தொகுப்பாளரின் அறைக்குப் போய் நின்றார். முதல் அம்மாவின் பெயர் கடைசி வரியில் இருந்தது.

"அந்தப் பேரை மேல ஏத்துங்க."

படத்தொகுப்பாளர் இரண்டு வரி ஏற்றினார்.

"இன்னும் மேல."

"அதுக்கு மேல உங்க பேர்தாம்மா இருக்கு."

"அதுக்கும் மேலதான்."

"ஏம்மா? இயக்குநர் கேட்டா நான் என்ன காரணம் சொல்றது?"

படத்தொகுப்பாளருக்கு இன்றுவரை காரணம் தெரியாது. தன் பெயர் ஒரு வரி கீழே இறங்கும்வரை இவர் நின்று பார்த்தார். பிறகு, "சேவ் பண்ணிடுங்க" என்றார்.