மெத்தைக்காரி வாங்கிய பிக்கப்

என் அக்காவுக்கு மெத்தை தைப்பது தொழில். ஊரில் பாதி முதுகுகள் அவள் தைத்ததில்தான் புரள்கின்றன. ஓர் அமுக்கு அமுக்கினாலே உள்ளே இருப்பது பஞ்சா, ஸ்பாஞ்சா, கிழிந்த துணியா என்று சொல்லிவிடுவாள். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால்கூட உட்காருவதற்கு முன் சோபாவை அமுக்கிப் பார்ப்பாள். கூடப் போகிற எனக்குத்தான் மானம் போகும்.

அவளுக்கு ஆகாதது வாடகை வண்டி. தைத்ததை ஏற்றிக்கொண்டு எவனோ ஒரு டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார வேண்டும். ஒருநாள் கொட்டும் மழையில், "இதுக்கு மேல வராது, இறங்குங்க" என்று இரட்டைக் கட்டில் மெத்தையோடு அவளை நடுத்தெருவில் இறக்கிவிட்டுப் போய்விட்டான் ஒருவன். அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "சொந்த வண்டி வாங்கி நானே ஓட்டறேன்" என்றாள்.

வாங்கியும் விட்டாள். பழைய பிக்கப். ஹார்ன் அடித்தால் வைப்பர் ஆடும், கதவை மூட ஓர் உதை வேண்டும். அக்காவுக்கோ வாயெல்லாம் பல். விற்ற புரோக்கர் ஒரு சலுகையும் கொடுத்திருந்தார். "பிடிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள சொல்லும்மா, பணத்தைக் குடுத்து எடுத்துக்கறேன். அப்புறம் உன் பாடு, வண்டி பாடு."

முன்சக்கர பிரேக் லேசாகக் கிறீச்சிட்டது. அத்தான் சட்டையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் பிளம்பர். "பிரேக்குன்னா என்ன? குழாய். உள்ள ஓடறது ஆயில். நம்ம வேலைதானே!" என்று சனிக்கிழமை இரண்டு பக்கமும் சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கிறீச் போய்விட்டது. கூடவே பிரேக்கும் போய்விட்டது. பெடலை மிதித்தால் கால் மெத்தென்று உள்ளே இறங்கியது.

ஞாயிறு காலையிலிருந்து காற்று எடுக்கும் படலம். நான் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். அத்தான் கேலிப்பரில் இருக்கும் நிப்பிளைத் திறந்து, உள்ளே மாட்டிய காற்றை ஆயிலோடு வெளியேற்றி மூடுவார். மீசை நரைத்த வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் இது.

"மிதி!"

"மிதிச்சிட்டேன்!"

"பிடி, விடாத!"

"நான் விடலை அத்தான், முழங்கால்தான் விட்டுப்போச்சு!"

ஆயில் பாட்டில்கள் காலியானதுதான் மிச்சம். கடைசியில் அத்தான் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ஆயிலை அழுத்தித் தள்ளற மாஸ்டர் சிலிண்டரே அவுட். இது நமக்குக் கட்டுப்படியாகாது." வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் புரோக்கருக்கும் போன் போட்டுவிட்டார். பிரேக் பிடிக்காத வண்டியைத் தெருவில் எடுக்க மாட்டேன் என்று அக்காவே வாக்குக் கொடுத்திருந்தாள். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"எந்திரிடா, ஒரு தடவை நான் மிதிச்சுப் பாக்கறேன்" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். விட்டாள். அடுத்தடுத்து மிதித்தாள். பிறகு அப்படியே அழுத்திப் பிடித்தாள். சோபாவை அமுக்கும்போது வருமே, அதே முகம்.

"ஏங்க, மாஸ்டர் சிலிண்டர் போயிருந்தா பெடல் என்ன பண்ணும்?"

"பிடிச்சிட்டே இருந்தா மெல்ல மெல்லக் கீழ இறங்கும்."

"இது இறங்கலை. ஒரு இடத்துல நிக்குது. அடுத்தடுத்து மிதிச்சா மேல ஏறி வருது, விட்டுட்டு மிதிச்சா மறுபடி மெத்து. ரெக்சின் உறைக்குள்ள காத்து மாட்டினா குஷன் இப்படித்தான் துள்ளும். உள்ள காத்து இருக்குங்க."

அத்தானுக்கு மூக்கு சிவந்தது. "அப்ப காலையிலேர்ந்து நான் என்ன ஆணியா புடுங்கிட்டிருந்தேன்? வெறும் ஆயிலா வருது, ஒரு குமிழ் இல்லை!"

"அதான் எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாக்கறேன்" என்று சக்கரம் கழற்றிய இடத்தில் குனிந்தாள். அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தாள். "இந்த நிப்பிள் ஏன் ரெண்டு பக்கமும் தரையைப் பாத்துட்டிருக்கு?"

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "பின்ன? வடிகால் கீழதானே இருக்கணும்! முன்ன மாட்டினவன் விவரங்கெட்டவன், மேல பாத்து வச்சிருந்தான். நான்தான் இடதை வலதுல, வலதை இடதுல மாட்டிச் சரி பண்ணினேன். கச்சிதமா உக்காந்துச்சு!"

அக்கா மெதுவாக நிமிர்ந்தாள். "மாடித் தொட்டியிலேர்ந்து வர்ற குழாயில காத்து அடைச்சா எங்க திறந்து விடுவீங்க?"

"மேலதான்" என்றார் அத்தான், தொழில் பெருமையோடு. "காத்து எப்பவும் மேலதானே ஏறி..."

அவர் பார்வை மெல்லக் கீழே, தரையைப் பார்த்திருந்த நிப்பிளுக்கு இறங்கியது.

நான் சிரித்ததில் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து விழுந்தேன். அக்கா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தானும் அசடு வழியச் சிரித்து, ஆயில் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து புரோக்கர் வந்து நின்றார்.

"சாவியைக் குடும்மா."

"பொழுது இன்னும் சாயலைண்ணே. இப்படி உக்காருங்க" என்று புது மெத்தை ஒன்றை விரித்தாள். அவர் உட்கார்ந்தார், சாய்ந்தார், குறட்டை விட்டார். அக்காவின் சரக்கு அப்படி.

அவர் குறட்டைக்கு நடுவே கேலிப்பர்கள் அததன் பக்கத்துக்குப் போயின. மறுபடி மிதி, பிடி. அத்தான் நிப்பிளில் செருகியிருந்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் பொலபொலவென்று வந்தது. "குமிழ்! குமிழ்!" என்று புதையல் கண்டவர்போலக் கத்தினார். இரண்டு பக்கமும் குமிழ் ஓய்ந்தபின் அக்கா ஏறி மிதித்தாள்.

"பலகை!" என்றாள். மெத்தைக்காரி வாயில் அது எப்போதும் திட்டு. அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பாராட்டானது.

சக்கரங்களை மாட்டி, சந்துக்குள்ளேயே மெல்ல ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் வேகமாக. நினைத்த இடத்தில் நின்றது வண்டி. விழித்தெழுந்த புரோக்கர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்த மெத்தை என்ன விலைம்மா?" என்றார்.

வண்டியின் முதல் சுமை அவர் வாங்கிய அந்த மெத்தைதான். மெத்தைமேல் புரோக்கரும் நானும் உட்கார்ந்துகொண்டோம். அத்தான் பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறக்கப் போனார். அக்கா கையால் மறுபக்கத்தைக் காட்டினாள். அவர் சுற்றிப் போய், முழங்காலை ஒடுக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்தார்.

புரோக்கர் வீடு தெருக்கோடியில். கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் அக்கா பிரேக்கை மிதித்தாள். வண்டி நட்டுவைத்ததுபோல் நிற்க, நாங்கள் இருவரும் மெத்தையோடு முன்னால் சறுக்கிப் போய் இடித்துக்கொண்டோம்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள் அக்கா. சிரிப்பும் அழுகையுமாகக் குரல் உடைந்தது.

"வாசல் வரைக்கும் வந்தாச்சுண்ணே. இப்ப இறங்குங்க."