வாய்க்காரி பென்சிவா

பென்சிவாவுக்கு வாய் நீளம் என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புகை மீன் விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் கூடையில் மீன்தான் மிஞ்சும் என்பாள். தாய் செத்தபோது தம்பி ஃபிஃபிக்குப் பால்பல்கூட விழுந்து முடியவில்லை. அந்த வாயை வைத்துத்தான் அவனை வளர்த்தாள். மோட்டார் வேலை பழகவும் சேர்த்துவிட்டாள்.

வேலையில் ஃபிஃபி கெட்டிக்காரன். உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப்போன படகு மோட்டாரையும் இரும வைத்து எழுப்பிவிடுவான். இருபத்துநாலு வயதில் அவனுக்கு முதலில் தூக்கம் போயிற்று. பிறகு, மோட்டாருக்குள்ளிருந்து யாரோ தன் பேரைச் சொல்லி ஏசுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். ஒரு நாள் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கப் பார்க்க, உடுத்த துணியோடு கடலுக்குள் நடந்தான். நாலு பேர் பாய்ந்து இழுத்து வந்தார்கள்.

மத்தி வரத்துக் காலம் அது. பென்சிவா இரண்டு நாள் தம்பியின் பக்கத்திலேயே இருந்தாள். கொஞ்சம் அடங்கினாற்போலத் தெரிந்ததும் சித்தி வீட்டில் அவனை விட்டுவிட்டு, மற்றப் பெண்களோடு மேற்குக் கரைக்கு மீன் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவன் அங்கே இல்லை. குடும்பத்துக்கு மூத்தவரான தாய்மாமன் அன்சா அவனை மலைமேல் இருக்கும் ஜெபக் கூடாரத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார்.

மூட்டையைக்கூட இறக்காமல் மலை ஏறினாள். மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தான் ஃபிஃபி. கணுக்காலில் சங்கிலி, அதன் மறுமுனை மரத்தைச் சுற்றிப் பூட்டியிருந்தது. அவனைப்போல இன்னும் பலர், ஆளுக்கொரு மரம். வயிறு காய்ந்தால்தான் பேய் இறங்கி ஓடும் என்பது அங்கிருந்த தீர்க்கதரிசியின் கணக்கு. அவள் கொண்டுபோன, சோள மாவில் அவித்த கென்கே உருண்டையையும் பொரித்த மீனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொண்டுவந்து விட்டவர் வந்து சொன்னால்தான் அவிழ்ப்போம் என்றார்கள்.

மாமாவிடம் ஓடினாள். அவர் ரேடியோவைத் தணித்துவிட்டுச் சொன்னார்:

"அடோமாவுக்கு இடம் வந்திருக்கு. பெரிய குடும்பம். வீட்டுல பைத்தியம் உண்டா, குஷ்டம் உண்டான்னு தெருத்தெருவா விசாரிக்கிறான். இவன் கடற்கரையில ஆடிக்கிட்டுத் திரிஞ்சா என்ன சொல்லுவான்? பொண்ணு கேட்டு அவங்க வந்து கதவு தட்டற சடங்கு முடியட்டும். பொறவு பாக்கலாம்."

அடோமா சித்தி மகள். பென்சிவாவுக்குத் தங்கை முறை. அவள் கல்யாணம் நல்லபடியாக நடக்கவேண்டும் என்றுதான் பென்சிவாவும் நினைத்தாள். ஆனால் சடங்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மழை வந்தது. ஃபிஃபி மழையிலும் அந்த மரத்தடியில்தான் இருந்தான்.

அந்தக் கரை வழக்கப்படி செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்றெல்லாம் பென்சிவா அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். ஆஸ்பத்திரியில் மனநோய் பார்க்கும் நர்ஸ் டாவியா நல்ல மனுஷன். இது மருந்துக்குக் கட்டுப்படுகிற வியாதி, சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம் என்று எடுத்துச் சொன்னார். ஆனால் கூடாரத்துக்குள் நுழைய அவருக்கும் அனுமதி இல்லை. சட்டத்தைக் கையில் வைத்திருந்த அதிகாரி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். அடுத்த செவ்வாய், ஜீப்புக்கு டீசல் இல்லை என்றார். அதற்கடுத்த செவ்வாய் அவர் ஒரு சாவுக்குப் போயிருந்தார்.

கூடாரத்து வாசலில் இவளைப்போலச் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்கும் பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியின் புருஷன் உள்ளே, ஒருத்தியின் மகள் உள்ளே. அவர்களையெல்லாம் திரட்டிக்கொண்டு போய் அலுவலகப் படியில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் ஜீப் நகர்ந்தது.

ஜீப் வருவது கூடாரத்துக்கு முன்னாடியே தெரிந்திருந்தது. மரத்தடியில் ஒரு சங்கிலியும் இல்லை. எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை மாட்டி, கைதட்டிப் பாட வைத்திருந்தார்கள். அதிகாரி ஃபிஃபியிடம் நேராகவே கேட்டார், இங்கே நன்றாக இருக்கிறாயா என்று. அவன் தீர்க்கதரிசியின் முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறேன் என்றான்.

"கால்சட்டையைத் தூக்கிக் காலைப் பாருங்க சார்," என்றாள் பென்சிவா.

"அவனே நல்லாருக்கேன்னு சொல்றான். உனக்கு என்னம்மா வந்தது?" என்றார் அதிகாரி.

ஜீப் மலை இறங்கி முடிப்பதற்குள் சங்கிலிகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஃபிஃபியின் கால் புண்ணில் சீழ் வைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த அன்றுதான் அவள் முடிவு செய்தாள்.

சடங்கு நாளன்று அடோமாவைக் கேட்டு வந்தவர்கள் ஜின் புட்டியும் துணியுமாக வந்து உட்கார்ந்தார்கள். வழக்கப்படி அவர்கள் தரப்புப் பெரியவர், இந்த வீட்டில் நாங்கள் அறியவேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அன்சா மாமா. பெண்கள் வரிசையிலிருந்து பென்சிவா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"என் கூடப் பொறந்தவன் ஒருத்தன் மேல மலையில மரத்தோட கட்டிக் கிடக்கான். புத்தி சரியில்லாதவன். கால் அழுகுது. இந்த வீட்டு மூத்தவர்தான் கட்டச் சொன்னாரு. சம்பந்தம் பேச வந்தவங்க அவனையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க."

வந்தவர்கள் தங்களுக்குள் கலந்துகொண்டார்கள். பிறகு எழுந்தார்கள், உடைக்காத புட்டியை எடுத்துக்கொண்டு. உள்ளறையில் தலை நிறைய மணி கோத்து உட்கார்ந்திருந்த அடோமாவை யாரும் வெளியே அழைக்கவே இல்லை.

மறைக்க இனி ஒன்றும் இல்லை என்றான பிறகு மாமாவுக்குக் கூடாரமும் தேவைப்படவில்லை. அன்று சாயங்காலமே போய் அவிழ்க்கச் சொன்னார். மலையடிவாரத்தில் பென்சிவாவைப் பார்த்து, "கூட்டிட்டுப் போ. இனிமே இந்தக் குடும்பத்து நல்லது கெட்டது எதுலயும் உன் காலு படக்கூடாது" என்றார்.

டாவியா ஊசி போட்டார், மாத்திரை கொடுத்தார். மாதங்கள் போகப் போக ஃபிஃபியின் காதுக்குள் இருந்த ஏச்சு அடங்கியது. தெளிந்த பிறகு ஒரு நாள் சோறு தின்னும்போது அவன் அடோமாவை விசாரித்தான். அக்கா மலைக்கு வர முடியாத நாட்களில், அவித்த முட்டையைத் துணி மடிப்பில் மறைத்துக்கொண்டு வந்து கொடுத்தவள் அவள்தானாம். காவலுக்கு இருந்தவனுக்குச் சோப்பும் எண்ணெயும் கொடுத்து உள்ளே வருவாளாம்.

பென்சிவா பாதிச் சாப்பாட்டில் எழுந்து சித்தி வீட்டுக்குப் போனாள். அடோமா டகோராடி நகரத்துக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்; அங்கே ஒரு கடையில் வேலை. மன்னிப்புக் கேட்க வந்தவளை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தச் சபையில நானே எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன்கா," என்றாள். "உனக்குத்தான் வாய் இருக்குன்னு நெனச்சிட்ட."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பெட்டியின் கயிற்றை இறுக்கினாள்.

அதன் பிறகும் பென்சிவா சும்மா இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. ஆஸ்பத்திரியில் அடிக்கடி மருந்து தீர்ந்துபோகும். தீரும்போதெல்லாம் ரேடியோவில் ஏறி, பேர் சொல்லிக் கேட்பாள்; மருந்து வரும்; பிறகு மறுபடி தீரும். அலுவலகப் படியில் உட்கார்ந்த பெண்களோடு ஒரு சங்கம் வைத்தாள். சிலரை வெளியே கொண்டுவந்தார்கள். சிலர் பிணமாகத்தான் வந்தார்கள். கூடாரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன வருஷம் புதிதாக ஒரு மண்டபம் எழும்பியது. திறப்பு விழாவுக்கு அந்த அதிகாரிதான் ரிப்பன் வெட்டினார்.

ஃபிஃபியின் கைத்திறன் பழையபடி வந்துவிட்டது. மோட்டார்தான் வரவில்லை. அவன் தொட்ட மோட்டாரை நம்பி யார் நடுக்கடலுக்குப் போவது என்றார்கள் படகுக்காரர்கள். எதிரில் பல்லைக் காட்டி நலம் விசாரித்தவர்களும் வேலையை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் அக்காவின் அடுப்புக்கு விறகு பிளந்தான். பிறகு டகோராடிக்கும் அப்பால், தன்னைத் தெரியாத ஒரு கரைக்குப் போய்விட்டான்.

அங்கே வேலை குவிந்தது. பென்சிவாவுக்குத் தலைகால் புரியவில்லை. மீன் பொட்டலம் கட்டி, நல்ல துணி எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த செவ்வாய் வருகிறேன் என்று போன் செய்தாள்.

"வராதக்கா," என்றான் ஃபிஃபி. "உன் குரல் ரேடியோவுல இங்கேயும் கேக்குது. பைத்தியக்காரங்களுக்காகப் பேசற பொம்பளைன்னு உன்னை எல்லாருக்கும் தெரியும். நீ வந்து நின்னா, நான் யாருன்னு யாரும் கேக்கவே வேண்டாம்."

"சரிப்பா," என்றாள். "மாத்திரையை விட்டுடாதே."

மாதம் ஒரு தடவை டவுனுக்குப் போய் மருந்து வாங்கி, டகோராடி வழியாகப் போகும் பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறாள். உறையின்மேல் தம்பியின் பெயரை மட்டும் எழுதுகிறாள். டிரைவர் ஒரு தடவை, யாரம்மா இது என்று கேட்டான். மோட்டார்காரன், தெரிந்த பையன் என்றாள்.