வெள்ளைத் தறிக்குள் ரோஷினி

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் காலையில், நான்கு வயது மகள் ரோஷினியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரெஜினா மதுரை பஸ்ஸில் ஏறினாள். தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டையில் அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே அதிசயம். புதுச் சேலை எடுத்தாலும், புருஷன் ஜான்ராஜ் ஷேர் ஆட்டோவுக்கு டயர் மாற்றினாலும், தெருமுனை வரை போய்ப் பெருமை பேசிவிட்டு வருகிறவள் அவள். வேலை பார்ப்பது விசைத்தறிச் செட்டில். அந்தச் செட்டுச் சுவரை ஒட்டித்தான் வீடும்.

கொஞ்ச நாளாகவே பிள்ளைக்கு இருமல். சளி என்றார்கள், பிறகு வீசிங் என்றார்கள். கடைசியில் டவுனில் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி தெரிந்தது. மதுரை டாக்டர் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்துவிட்டு, அது நியூரோபிளாஸ்டோமா என்கிற புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்றார். குழந்தைகளுக்கு அபூர்வமாக வரும். பெரும்பாலும் விறுவிறுவென்று வளரும். முதுகுத்தண்டுக்குள் நுழைந்துவிட்டால் கால் விளங்காமல் போகலாம். நுழைந்திருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. படம்தான் காட்டும். அதை எடுக்கத்தான் இந்த பஸ் பயணம்.

அங்கேதான் சிக்கல். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் அந்தப் படம் எடுப்பார்கள். ரோஷினியின் கட்டியோ மூச்சுக்குழாயை அமுக்கிக்கொண்டிருந்தது. மயங்கினால் மூச்சே நின்றுபோகலாம். பிள்ளை தானாக அசையாமல் கிடந்தால்தான் படம்.

ஸ்கேன் எடுக்கிற ஷர்மிளா பானு, பயம் தெளியட்டும் என்று மெஷின் சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டினாள். மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும் சத்தம். ரோஷினி கொட்டாவி விட்டாள்.

பஸ் ஏறியதிலிருந்து பேசாமல் வந்த ரெஜினாவுக்கு பழைய வாய் திரும்பிவிட்டது. “இது எங்க வீட்டுச் சத்தம், மேடம். தொட்டில்ல கெடந்த நாள்லருந்து தறிச் சத்தத்துலதான் தூங்குறா. விட்டுப் பாருங்க, என் மக அசைய மாட்டா.”

காத்திருந்த எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டாள்.

தூங்கவும் செய்தாள் ரோஷினி. மெஷின் தடதடத்தபோது அவள் கண் சொக்கிவிட்டதைக் கண்ணாடிக்கு இந்தப்புறமிருந்து எல்லோரும் பார்த்தார்கள். முதல் படம் முடிந்து மெஷின் ஓய்ந்ததும் திடுக்கென விழித்து, இருமி, எழுந்து உட்கார்ந்து அழுதாள். அதற்குமேல் அவளைப் படுக்கவைக்க முடியவில்லை. நாளைக்கு ஒருமுறை பார்க்கலாம். அதற்குமேல் தள்ள முடியாது, படமில்லாமல் குருட்டாம்போக்கில்தான் வைத்தியத்தைத் தொடங்க வேண்டும் என்றார் டாக்டர்.

“ஊரெல்லாம் தமுக்கடிச்சியே” என்றான் கூட வந்திருந்த ஜான்ராஜ். “அடுத்த தடவையாச்சும் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

தறித் தெருவில் பிறந்தும் இது தெரியாமல் போனதே என்றுதான் ரெஜினா தன்னையே நொந்துகொண்டாள். அங்கே பிள்ளைகளை எழுப்புவது சத்தமல்ல, சத்தம் நிற்பது. கரண்டு போனால் தெருவே விழித்துக்கொள்ளும். அப்போதெல்லாம் அவள் மகளின் உள்ளங்காலில் தறி ஓடுகிற தாளத்தில் தட்டிக்கொண்டே இருப்பாள். கரண்டு வரும்வரை பிள்ளை ஏமாந்து தூங்கும்.

மறுநாள் காலை அதைத் தயங்கித் தயங்கி ஷர்மிளாவிடம் சொன்னாள். ஷர்மிளா டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

“நீங்க உள்ளயே உக்காரலாம்க்கா. மெஷின் நிக்கப் போறப்ப நான் கையத் தூக்குறேன், தட்டுங்க. ஓட ஆரம்பிச்சதும் கைய எடுத்துரணும். லேசா ஆடுனாலும் படம் கலங்கிரும்.”

“தறி ஓடும்போது உள்ள கைய விட்டா வெரலே போயிரும், மேடம். எனக்கா சொல்லித் தாரீக?”

உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று சிலுவைத் தாலி, தோடு, ஹேர்பின் எல்லாம் கழற்றினாள். மெட்டி மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகே வந்தது. மகளின் காலடியில் உட்கார்ந்தவள் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப்பக்கம் கை உயர்ந்தது. சத்தம் நின்றது. ரோஷினியின் இமை துடித்தது. ரெஜினா தட்டினாள். இமை அடங்கியது. மெஷின் ஓடியது, நின்றது. தட்டினாள், கையை எடுத்தாள். நெடுநேரம் மெஷினும் தாயும் மாறி மாறி ஒரே தறியை ஓட்டினார்கள்.

ஷர்மிளா கதவைத் திறந்தபோது பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். “ஒரு படம்கூட வீணாகலக்கா” என்றாள். சாயங்காலம் டாக்டர் அந்தப் படத்தைக் காட்டினார். கட்டி முதுகுத்தண்டின் வாசல் வரை வந்திருந்தது. உள்ளே போகவில்லை.

பிறகு சதைப் பரிசோதனையும் அதே நோயென்று உறுதி செய்தது. மருந்தில் முடி கொட்டியது, ஆபரேஷன் நடந்தது, மறுபடி மருந்து. எல்லாவற்றையும் ரெஜினா தெருவுக்குச் சொன்னாள், ஒளிக்கவில்லை. ஆனால் எங்கே தொடங்கினாலும் அந்த அறைக்குள் போய்த்தான் முடிப்பாள். “அம்புட்டுப் பெரிய மெஷினு, நின்னுபோனா என்னையத்தான பாத்துச்சு” என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். இல்லையென்று ஒருவரும் சொன்னதில்லை.

மூன்று வருடம் கழித்து, செக்கப்புக்கு ஜான்ராஜ் மட்டும் மகளைக் கூட்டிப் போயிருந்தான். செட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தபோது ரெஜினாவின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. தறியை நிறுத்திவிட்டு, வாசலுக்கு ஓடி வந்து காதில் வைத்தாள்.

“அம்மா, டாக்டர் படத்தக் காட்டுனாரு. கட்டி இருந்த எடத்துல ஒண்ணும் இல்லையாம். வேற எங்கயும் இல்லையாம். அப்பாட்ட பேசச் சொன்னா பேச மாட்டேங்கிறாரு, மூக்க மூக்கச் சிந்துறாரு. எனக்குப் பசிக்குதும்மா. நீயாச்சும் போன் போட்டு புரோட்டா வாங்கிக் குடுக்கச் சொல்லு.”