இரண்டு கோப்பாய்

எழுபதுகளில் ரொறொன்ரோவிலிருந்து கொழும்புக்கு மலிவான ரிக்கெற் மொஸ்கோ வழியாகத்தான் கிடைத்தது. எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அங்கே டொக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த தம்பியைக் கண்டு வருடக்கணக்காகிவிட்டது. ஒரு பகல் அங்கே தங்கல். ஆனால் கடைசி நேரத்து ரிக்கெற், நான் வருவது அவனுக்குத் தெரியாது. இறங்கிப் போன் எடுத்தால்தான் அவனைக் காணலாம்.

ரொறொன்ரோ பார்க்டேலில் என்னோடு அறையில் இருந்த அண்ணை மொஸ்கோவில் படித்தவர். பிஸ்கற் பெட்டி மட்டையை வெட்டி, கலர் பென்சிலால் தீட்டி, குசினி மேசையில் ரஷ்ய நோட்டுகளைப் பரப்பினார்.

"மஞ்சள் ஒண்டு, பச்சை மூண்டு, நீலம் அஞ்சு, சிவப்புப் பத்து. நிறத்தைப் பார், எழுத்தை நம்பாதை. இங்கிலிஸ் மாதிரிக் கிடந்து ஏமாத்திப்போடும்."

"ஆரண்ணை மூண்டு ரூபிளுக்கு நோட்டடிக்கிறது?"

"நீ அடிக்கப் போறேல்லைத்தானே, பேசாமல் படி. போனுக்கு நோட்டு உதவாது. அங்கத்தைய சதம், ரெண்டு கபெய்க்காச் சில்லறைக் குத்திதான் போடவேணும்."

"கோப்பாய்க்கோ? எந்த பஸ் அண்ணை?"

கோப்பாய் யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர். அண்ணை கதிரையிலிருந்து விழாத குறை. பிறகென்ன, பயண நாள் வரைக்கும் "கோப்பாய் தா, கோப்பாய் மாத்து" என்று ஒரே பகிடி.

பகிடி வினையாகிவிட்டது. மொஸ்கோ விமான நிலையத்தில் காசு மாற்றி, நிறம் பார்த்து எல்லா நோட்டையும் சரியாகக் கண்டுபிடித்தேன். போன் எடுக்கப் போனால் குத்தி ஒன்றும் இல்லை. தேநீர் விற்ற பெண்ணிடம் ஓடினேன். ஐயோ, சொல் வரவில்லை! வாயில் அந்தப் பாழாய்ப்போன ஊர்ப் பெயர்தான் நின்றது. நடப்பது நடக்கட்டும் என்று இரண்டு விரலைக் காட்டி, போனையும் காட்டி, "கோப்பாய்!" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீட்டிய நோட்டை வாங்காமலே ஒரு சின்னக் குத்தியை என் கையில் வைத்தாள்.

தம்பியின் விடுதியில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, கடைசியில் ரஷ்ய மொழியில் அவன் குரல்.

"டேய், நான்தான்ரா. எயார்போட்டில நிக்கிறன்."

"அண்ணையோ? நில், வாறன்!"

"எந்த வாசல் எண்டு கேளடா" என்பதற்குள் வைத்துவிட்டான், விசரன்! திரும்ப எடுக்கக் குத்தியும் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. வாசலுக்கு வாசல் ஓடினேன். பார்த்தால், கண்ணாடிக்கு வெளியே, கொட்டுகிற பனியில் வெறுந்தலையோடு அவனும் வாசலுக்கு வாசல் ஓடிக்கொண்டிருந்தான்.

"மடையா, இஞ்சாலை!" என்று கண்ணாடியில் அடித்துக் கத்தினேன். அவ்வளவு சந்தோஷத்தோடு நான் ஒருவரையும் ஏசியதில்லை.