சின்னம்மாவின் திப்பரத்தைப் பற்றை

கடல் பொங்கிய அந்த மார்கழியில், நாவற்குடாவில் இருந்த எங்கள் சின்னம்மாவை அலை வாரிக்கொண்டுபோய் மேற்கே வாவிக்கரையில் எறிந்தது. அங்கே நின்ற திப்பரத்தைப் பற்றையைப் பிடித்துக்கொண்டு அவர் தப்பினார். மூன்று வயது நிரம்பாத அவருடைய மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது. எனக்கு அவன் தம்பி முறை.

திப்பரத்தை உப்புச் சேற்றில் ஆளுயரத்துக்கு வளரும் செடி. தடித்த சிறு இலை, வெள்ளைப் பூ. ஒருகாலத்தில் கரை முழுக்க நின்றதாம். விறகுக்கென்றும் இறால் பண்ணைக்கென்றும் வெட்டி வெட்டி, எங்கள் பக்கத்தில் மிஞ்சியது அந்த ஒரு பற்றைதான்.

யுத்தம் முடியும் தறுவாயில், யாரும் பதுங்க மறைவு இருக்கக்கூடாதென்று வாவிக்கரையை வெட்டி வெளியாக்க இராணுவத்தார் சொன்னார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் கத்தியோடு போகவேண்டும். ஊரார் வெட்டிக்கொண்டே வந்தபோது சின்னம்மா பற்றைக்கு முன்னால் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். துவக்கோடு நின்றவன் எழும்பச் சொன்னான். அவர் அசையவில்லை. அம்மா பயந்துபோய் என்னை அனுப்பினார். பிள்ளையைக் கண்டால் சுடமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

“எழும்புங்க சின்னம்மா, அம்மா கூப்பிடுறா.”

“நீ போ மகள். இது போனா இந்தக் கரையில வேற இல்ல.”

நான் போகவில்லை. சேற்றுக்காலோடு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தேன். அந்த ஆள் எங்களைப் பார்த்தான், வாவியைப் பார்த்தான். பிறகு வெட்டுகிறவர்களை அப்பால் போகும்படி கையைக் காட்டினான்.

சண்டை ஓய்ந்து வந்த மழைக்காலத்தில், அருகிப்போன செடிகளைத் திரும்ப நட்டு வளர்ப்பவர்கள் அந்தப் பற்றையைத் தேடி வந்தார்கள். சின்னம்மா காய்களைப் பொறுக்கிக் கொடுத்தார். முளைத்த கன்றுகளை நடும்போதும் முழங்கால் சேற்றில் அவர்களோடு இறங்கி நின்றார். வந்தவர்களில் ஒரு பெண், ஏன் இவ்வளவு பாடுபட்டு இதைக் காத்தீர்கள் என்று கேட்டார். சின்னம்மா குனிந்து அடுத்த கன்றைச் சேற்றில் ஊன்றினார். நான் முந்திக்கொண்டேன்.

“இதைப் பிடிச்சுத்தான் சின்னம்மா உயிர் தப்பினவ.”

அவர்கள் நெகிழ்ந்துபோய் அவரைப் பற்றையோடு நிறுத்திப் படம் எடுக்கப் பார்த்தார்கள். சின்னம்மா வாவித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். எனக்கு மனத்தாங்கலாக இருந்தது. நல்லதைத்தானே சொன்னேன்.

தம்பியை வீட்டு வாசலிலேயே அலை பறித்துவிட்டது என்றுதான் அன்று நான் நினைத்திருந்தேன். பற்றைவரை அவனும் சின்னம்மாவின் கையில்தான் வந்தான் என்று, எனக்கொரு மகன் பிறந்த பிறகுதான் அம்மா சொன்னார்.